குண்டுத் துளைகளுக்குக் கீழே ஒரு மதிய உணவு: கொலாபாவின் லியோபோல்ட் கஃபே

தாராவியில் பிறந்து, இருபத்தைந்து வயதுவரை மும்பையை விட்டு எங்கும் குடிபெயராத நான், லியோபோல்ட் கஃபேக்குள் முதன்முறையாகக் காலெடுத்து வைத்தது சென்ற மாதம்தான். அந்தக் கடை எங்கள் வீட்டிலிருந்து ஒரு ரயிலும் ஒரு பேருந்தும் மாறிப் போகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால், அது எங்களைப் போன்றவர்களுக்கான இடம் என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் நினைத்ததில்லை. அலுவலகத் தோழியோடு மதியம் அங்கே சாப்பிடப் போகிறேன் என்று சொன்னபோது, "அங்க நமக்கு என்ன சோலி?" என்று அப்பா கேட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் இந்த நகரத்தில் தோல் பட்டறைகளில் உழைத்தவர் அவர். அவர் கேட்ட கேள்வியில் கோபம் எதுவும் இல்லை, உண்மையாகவே அவருக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை. இந்த விமர்சனத்தை எழுதும்போது கடையின் உணவைப் பற்றி ஒரு பங்கும், அந்தக் கேள்வியைப் பற்றி இரண்டு பங்கும் எழுதிவிடுவேன் என்று தோன்றுகிறது. பசியோடு வருகிறவர்கள் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்தால் போதும்.

லியோபோல்ட் கஃபே 1871இல் தொடங்கப்பட்டது. முதலில் சமையல் எண்ணெயை மொத்தமாக விற்ற கடையாக இருந்து, பின்னர் மருந்துக் கடை, பலசரக்கு என்று பல வேடங்கள் பூண்டு, கடைசியில் உணவகமாக நிலைத்தது. ஈரானிலிருந்து வந்து குடியேறிய ஜொராஸ்டிரியர்கள் மும்பையின் தெருமுனைகளில் நடத்திய ஈரானி கடைகளின் வம்சத்தைச் சேர்ந்தது என்றாலும், பன் மஸ்காவும் ஈரானி சாயும் குடித்துவிட்டு இருபது ரூபாயோடு எழுந்து போகிற கடை என்று எண்ணி உள்ளே நுழைந்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தக் காலமெல்லாம் இங்கே எப்போதோ மலையேறிவிட்டது. பெயர் பெல்ஜிய அரசர் லியோபோல்டின் பெயர். கடை தொடங்கிய ஆண்டில் பெல்ஜியத்தை ஆண்டவர் இரண்டாம் லியோபோல்ட். பிற்பாடு காங்கோ மக்களின் உழைப்பையும் உயிரையும் ரப்பருக்காகப் பிழிந்தெடுத்தவர் என்று வரலாற்றில் பேரெடுத்த அதே மனிதர். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைகிற எவருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை, எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எந்தக் கொலை நினைவில் நிற்கிறது, எது வெறும் பெயராகத் தேய்ந்துபோகிறது என்பதற்கு அந்தப் பலகையே ஒரு பாடம்.

கொலாபா காஸ்வே என்கிற கடைத்தெருவின் நடைபாதைக் கடைகளில் தொங்கும் தோடுகளையும் தோல் பைகளையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனால், உயரமான கூரை, சுழலும் மின்விசிறிகள், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் மேசைகள், தெருவின் இரைச்சலோடு போட்டி போடும் பேச்சுச் சத்தம் என்று ஒரு நல்ல மும்பைக் கடைக்கு உரிய அனைத்தும் இருக்கின்றன. மேல்தளத்தில் குளிர்சாதன வசதியோடு மதுக்கூடம் உண்டு. ஆனால், வேடிக்கை பார்ப்பதற்காகவே வருகிறவர்கள் கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த மேசையைக் கேட்டு வாங்குவது நல்லது. உணவுப் பட்டியல் இந்திய, சீன, மேற்கத்திய வகைகளென்று பல பக்கங்களுக்கு நீள்கிறது. நாங்கள் சில்லி சிக்கன், முட்டை ஃப்ரைடு ரைஸ், ஃபிங்கர் சிப்ஸ், இரண்டு ஃப்ரெஷ் லைம் சோடா என்று அடக்கமாகவே வாங்கினோம். பக்கத்து மேசையில் ஆளுயரம் என்று சொல்லத்தக்க பீர் கோபுரம் ஒன்றைச் சுற்றி ஐந்து வெளிநாட்டு இளைஞர்கள் உட்கார்ந்து குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். சில்லி சிக்கன், தெருவோர சீன வண்டிகளின் செக்கச்செவேலென்ற சாயம் இல்லாமல், பச்சை மிளகாயின் காரமும் பூண்டின் மணமும் தனித்தனியாகத் தெரியும்படி இருந்தது. அளவில் தாராளம், இரண்டு பேர் வாங்கியதை மூன்று பேர் சாப்பிடலாம். விலை, எங்கள் பகுதியின் கடைகளோடு ஒப்பிட்டால் தலைசுற்றும், கொலாபாவின் மற்ற கடைகளோடு ஒப்பிட்டால் சுற்றாது. பரிமாறியவர் நாங்கள் பட்டியலை நான்கு முறை புரட்டியதையும் விலைகளை மெல்லிய குரலில் கூட்டிப் பார்த்ததையும் கவனித்திருந்தும் முகத்தில் எதுவும் காட்டாமல், இதற்கே வயிறு நிறைந்துவிடும், இன்னொன்று வேண்டாம் என்று அவராகவே சொன்னார். அதிக விலைக்கு விற்கும் கடைகளில் அந்த வார்த்தையை நான் அதிகம் கேட்டதில்லை.

இனி அந்தத் துளைகளுக்கு வருகிறேன். அவற்றைப் பாருங்கள் என்று கடைக்காரர்கள் யாரும் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துப் போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே தலையைத் திருப்பினால் சுவரில் காரை பெயர்ந்த ஒரு பள்ளம் தெரிகிறது. ஆணியடித்து எடுத்த தடம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அதே போல இன்னொன்று, அதற்கும் சற்றுத் தள்ளி இன்னொன்று. நடுவில் ஆழமாகவும் ஓரங்களில் சிதறியும் இருக்கும் அவற்றின் வடிவம், ஆணி என்ற எண்ணத்தை மெல்லக் கழற்றி எடுத்துவிடுகிறது. அவற்றில் ஒன்று உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நெஞ்சளவு உயரத்தில் இருக்கிறது. அதை நான் என் தோளால் அளந்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம்தான். என் தோழி நாக்பூர்க்காரி, என்னைவிட மூன்று வயது இளையவள், படிப்பு முடித்து வேலைக்காக மும்பைக்கு வந்தவள். அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டே, இது எந்தப் படத்தில் வருகிறது என்று கேட்டாள். அவள் மீது குற்றமில்லை. அந்தத் தாக்குதல் நடந்த 2008இல் அவளுக்கு வயது ஐந்து. அவளுடைய தலைமுறைக்கு அந்த இரவு திரைப்படங்களின் வழியாகவும் தொடர்களின் வழியாகவும் முப்பது விநாடிக் காணொளிகளின் வழியாகவும்தான் வந்துசேர்ந்திருக்கிறது. எங்களுக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள் துளைக்கருகே விரலை வைத்துத் துப்பாக்கி போல நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பீர் கோபுரத்துக்காரர்கள் எதையும் கவனிக்கவில்லை.

அந்த இரவில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தவர்களுக்கு அது மிகையாகவும் தெரியாதவர்களுக்கு அது குறையாகவுமே இருக்கும். 2008 நவம்பர் 26ஆம் தேதி, பாகிஸ்தானிலிருந்து கடல்வழியாகப் புறப்பட்டு, நடுக்கடலில் 'குபேர்' என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, கொலாபாவின் பத்வார் பூங்கா அருகிலுள்ள மீனவர் குடியிருப்பின் கரையில் இறங்கிய லஷ்கர்-இ-தொய்பா பயங்கரவாத அமைப்பின் பத்துப் பேர், இருவர் இருவராகப் பிரிந்து நகரத்துக்குள் போனார்கள். அவர்களில் ஒரு ஜோடி இரவு ஒன்பதரை மணிக்குப் பிறகு லியோபோல்டின் வாசலில் நின்று கையெறி குண்டை வீசி, உணவருந்திக்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டது. சில நிமிடங்கள்தான், பத்துப் பேர் அளவில் இறந்தார்கள், அவர்களில் இருவர் கடையின் ஊழியர்கள். சுட்டவர்கள் அங்கிருந்து நடந்தே தாஜ் மஹால் பேலஸ் விடுதிக்குப் போனார்கள். நவம்பர் 29 காலையில் தாஜில் கடைசித் துப்பாக்கி ஓயும்போது நகரம் முழுவதிலும் 166 பேர் இறந்திருந்தார்கள், 300க்கும் மேற்பட்டோர் காயமடைந்திருந்தார்கள்.

லியோபோல்ட் நான்கே நாட்களில் மறுபடி திறக்கப்பட்டது. திறந்தவர்கள் இரத்தத்தைக் கழுவினார்கள், உடைந்ததை மாற்றினார்கள், சுவரின் துளைகளை மட்டும் பூசாமல் விட்டார்கள். இந்த முடிவைப் பற்றித்தான் நான் சாப்பிட்டு முடித்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். சுற்றுலாப் பயணிகளை இழுக்கும் தந்திரம் என்று சொல்கிறவர்கள் உண்டு; கடையின் பெயர் போட்ட கோப்பைகளும் சட்டைகளும் விற்கப்படுவதைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றுவதும் இயல்பே. ஆனால், அந்தத் துளைகள் கண்ணாடிப் பேழைக்குள் அடைக்கப்பட்டு, விளக்கு போடப்பட்டு, மூன்று மொழிகளில் வரலாறு எழுதப்பட்டு இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்காது. ஒரு கையில் கரண்டியோடு பார்க்க நேர்கிறது என்பதுதான் அவற்றின் வலு. இறந்தவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள், கையில் கரண்டியோடு, யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்தபடி அல்லது அடுத்த கோப்பைக்குக் கையசைத்தபடி. அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர் துக்கப்படத் தயாராகவே நுழைகிறார். இங்கே சில்லி சிக்கனுக்காக வந்தவரைத் துக்கம் முன்னறிவிப்பின்றித் தொட்டுவிட்டுப் போகிறது. தொடாமலும் போகலாம், அந்த இரண்டு இளைஞர்களைப் போல. அதையும் அந்தச் சுவர் தடுக்கவில்லை.

கொலாபாவிலேயே மற்ற இடங்கள் வேறு வழிகளைத் தேர்ந்தன. தாஜ், செல்வமும் கைத்திறனும் உள்ள வீடு செய்வதைச் செய்தது. கோபுரப் பகுதியை டிசம்பர் 21ஆம் தேதியே திறந்தது, எரிந்துபோன பழைய மாளிகையை இழைத்து இழைத்துச் சீரமைத்து 2010 ஆகஸ்ட் 15 அன்று திறந்தது, அங்கே இறந்த 31 பேரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னத்தை உள்ளே வைத்தது. தீயின் தடமே தெரியாத அந்தக் கட்டடத்தை நான் இந்தியாவின் நுழைவாயிலின் பக்கமிருந்து நூறு முறை பார்த்திருக்கிறேன். சந்துக்குள் இருக்கும் யூதர்களின் நாரிமன் ஹவுஸ், குண்டு துளைத்த மேல்தளச் சுவர்களை அப்படியே வைத்திருக்கிறது. அங்கே பெற்றோரை இழந்த இரண்டு வயதுக் குழந்தை மோஷேயை அவனைப் பார்த்துக்கொண்ட சாண்ட்ரா சாமுவேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்த படத்தை அந்நாளில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மூடி மறைப்பதும், திறந்து வைப்பதும், சாப்பாட்டுக்கு நடுவே விட்டுவைப்பதும், மூன்றுமே சொந்தச் சுவர் உள்ளவர்களால் எடுக்க முடிந்த முடிவுகள். இந்த இடத்தில்தான் அப்பாவின் கேள்வி எனக்கு மறுபடி கேட்டது.

அன்று இரவு எனக்கு வயது எட்டு. எங்கள் சந்தில் தொலைக்காட்சி இருந்த வீடுகளில் எங்களுடையது ஒன்று என்பதால், வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். தாஜின் மாடத்திலிருந்து புகை வருவதை மூன்று நாட்கள், ஏறக்குறைய அறுபது மணி நேரம், கண்கொட்டாமல் பார்த்தோம். பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் எனக்கு அது விடுமுறை போலவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. பெரியப்பா மட்டும் தொலைக்காட்சியைப் பார்க்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அன்று மாலைதான் அவர் அத்தையை ஊருக்கு வண்டியேற்றிவிட விக்டோரியா டெர்மினஸ், அதாவது வி.டி. ஸ்டேஷனுக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு முன்பே வீடு திரும்பியிருந்தார். அத்தையின் மூட்டைகளை மெயின் ஹாலில் போர்வை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பீகார்க் குடும்பத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இவர்கள் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார்கள். இரவு வண்டிக்காகக் காத்திருந்த குடும்பம். கைக்குழந்தை ஒன்று, கிழவி ஒருத்தி. பேர் கேட்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் பெரியப்பா திடீர் திடீரென்று, "அந்தக் கெழவி என்னாச்சோ" என்பார். யாருக்கும் பதில் தெரியாது. எங்கள் வீட்டில் 26/11 என்றால் தாஜ் அல்ல, அந்தக் கிழவிதான்.

மற்ற எல்லா இடங்களையும்விட அதிகமான உயிர்கள் போனது அந்த ஸ்டேஷனில்தான் என்பதை நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் எண்ணாக அறிந்தேன். ஏ.கே. 47 ஏந்திய இரண்டே பேர், வெளியூர் வண்டிகளுக்காகப் பயணிகள் மூட்டைகள் மேல் தலைவைத்துப் படுத்திருந்த கூடத்தில் சுட்டு, 58 பேரைக் கொன்றார்கள், நூறு பேருக்கும் மேல் காயப்படுத்தினார்கள். இறந்தவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களுமாகப் பெரும்பாலோர் ஊருக்குப் போகக் காத்திருந்த கூலிக்காரர்களும் சிறு வேலைக்காரர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும். ஆனால், எங்கள் தொலைக்காட்சியில் அந்தக் கூடம் வந்த நேரம் மிகக் குறைவு. முற்றுகை நடந்த இடத்தில் ஒளிப்பதிவுக் கருவிகள் நின்றது புரிந்துகொள்ளக் கூடியதுதான், ஸ்டேஷனில் எல்லாம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இருந்தாலும், விடுதியில் அடைபட்டவர்களுக்குப் பெயரும் முகமும் நேர்காணலும் கிடைத்த அளவுக்கு, போர்வையில் படுத்திருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை நேரக் கணக்கை மட்டும் சொல்லி விளக்கிவிட முடியாது.

அந்த ஸ்டேஷனிலிருந்து நகரம் நினைவில் வைத்திருப்பது மிகச் சிலரைத்தான். அறிவிப்பாளர் விஷ்ணு ஜென்டே தன் சிற்றறையின் கண்ணாடி வழியே கூடத்தைப் பார்த்துக்கொண்டே, முன்வாசலுக்கு வராதீர்கள், முதலாம் பிளாட்பாரத்தின் பின்பக்கமாக வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் புறநகர் வண்டிகளில் வந்திறங்கியவர்களைக் காப்பாற்றினார். காலில் குண்டு பாய்ந்த தேவிகா ரோட்டாவன், சுட்டவர்களில் உயிரோடு பிடிபட்ட ஒரே ஆளான அஜ்மல் கசாபை நீதிமன்றத்தில் அடையாளம் காட்டியபோது சிறுமி. அரசு வாக்களித்த வீட்டுக்காகப் பின்னாளில் அவரே உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. கசாப் பிடிபட்டது கிர்காவ் சௌபாத்தியில், துணை உதவி ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே வெறுங்கையால் துப்பாக்கியின் குழாயைப் பற்றிக்கொண்டு குண்டுகளை வாங்கியதால். அவருடைய பெயரை ஒரு சிலந்திக்கு, ஐசியஸ் துக்காராமி என்று, 2021இல் சூட்டியிருக்கிறார்கள். குதித்துப் பாய்ந்து இரையைப் பிடிக்கும் வகைச் சிலந்தியாம் அது. சிலைகளைவிட இந்தச் சிறு மரியாதை எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

மறுநாள் காலையிலேயே புறநகர் வண்டிகள் ஓடின, ஆட்கள் ஏறினார்கள். இதைத்தான் மும்பையின் ஆன்மவலிமை என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்கள். 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்பின்போதும் எழுதினார்கள், 2006 ஜூலை 11 ரயில் குண்டுகளின்போதும் எழுதினார்கள். நான்கு நாட்களில் திறந்த லியோபோல்டுக்கு அந்தச் சொல்லை வழங்க எனக்குத் தடையில்லை, ஏனென்றால் அவர்கள் திறக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால், அப்பா மறுநாள் பட்டறைக்குப் போனது வலிமையால் அல்ல, போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதால். இரண்டையும் ஒரே சொல்லால் புகழ்வது எங்களைப் பாராட்டுவது போல ஆகாது என்று நான் நினைக்கிறேன். கழுவித் துடைக்கப்பட்ட அந்தக் கூடத்தில் அடுத்த நாள் படுத்துக்கொண்டவர்களுக்கும் வேறு இடம் இருந்திருந்தால் அங்கே படுத்திருக்க மாட்டார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு அந்த இரவின் பொருள் அன்றாடத்தில் கரைந்துபோய்க் கிடக்கிறது. அதன்பின் தேசியப் புலனாய்வு முகமை வந்தது, தேசியப் பாதுகாப்புப் படைக்கு மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா நகரங்களில் தளங்கள் வந்தன. இவை செய்தித்தாளில் படித்தவை. நாங்கள் தொட்டு அறிந்தவை வேறு. மால்களிலும் நிலையங்களிலும் நிற்கும் உலோகச் சோதனைச் சட்டங்கள், எல்லோருக்கும் கூவி, கூவுவதாலேயே யாரும் திரும்பிப் பார்க்காதவை. பையைத் திறந்து காட்டும்போது உள்ளே பார்க்காமலே தலையாட்டும் காவலர்கள். வாடகைக்கு வீடு தேடினால் காவல் நிலையத்தில் பதிய வேண்டிய படிவம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நகரத்தின் பெரிய விடுதி ஒன்றில் நடந்த கருத்தரங்குக்கு அலுவலகம் என்னை அனுப்பியபோது, என் ஆதார் அட்டையிலிருந்த தாராவி முகவரியைப் பார்த்த காவலர் என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்தவர்களைப் பையைத் திறக்காமலே உள்ளே விட்டார். அந்த இருபது நிமிடங்களில் எனக்குத் தோன்றியது இதுதான்: அன்று கூடத்தில் இறந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள், இன்று வாசலில் சந்தேகிக்கப்படுகிறவர்களும் எங்களைப் போன்றவர்கள். முஸ்லிம் நண்பர்கள் இதைக் கேட்டால், இருபது நிமிடம்தானா என்று சிரிப்பார்கள். தாக்க வந்து சுட்டுக்கொல்லப்பட்ட ஒன்பது பேரின் உடல்களைத் தங்கள் மயானத்தில் புதைக்க இடம் தர மாட்டோம் என்று மறுத்த மும்பையின் முஸ்லிம் அமைப்புகளை இந்த நகரம் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டது என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அந்த உடல்கள் 2010 ஜனவரிவரை பிணவறையில் கிடந்தன.

லியோபோல்டின் வாசலிலும் காவலர் உண்டு, பையைப் பார்த்தார், இருவருடையதையும் ஒரே மாதிரி பார்த்தார். இதைச் சேவையின் கீழ் ஒரு நல்ல மதிப்பெண்ணாகக் கணக்கில் வைக்கிறேன். எங்களுக்குப் பரிமாறியவரின் காதோரம் நரைத்திருந்தது, அன்றும் இங்கே வேலை செய்தவராக இருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோழிக்குத் துடிப்பு, நான் தடுத்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் ஐந்து பேர் அவரிடம் அதைக் கேட்பார்கள், அவர் தட்டை ஏந்தியபடி ஐந்து முறை அந்த இரவுக்குள் போய்விட்டு வர வேண்டும். அவருடைய வேலை சோறு பரிமாறுவது. இங்கே வருகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடிய ஒரே ஒழுங்கு இதுவே: சுவரை எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள், ஊழியர்களைச் சாட்சியாக்காதீர்கள்.

மற்றபடி நடைமுறைக்கு: வார இறுதி மாலைகளில் வந்தால் மேசைக்குக் காத்திருக்க வேண்டிவரும், வார நாட்களின் காலைதான் இந்தக் கடைக்கு உகந்த நேரம், பீர் விரும்பாதவர்களுக்கும் இங்கே இடமுண்டு, தனியாக வரும் பெண்ணை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுக்காக மட்டும் என்றால் ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். துளைகளுக்காக மட்டும் என்றால் வராதீர்கள் என்பேன்.

கணக்கை முடித்துவிட்டுத் தோழி சர்ச்கேட் பக்கம் போனாள். நான் பேருந்து ஏறாமல், ரீகல் திரையரங்கையும் காலா கோடாவையும் ஹுதாத்மா சௌக்கையும் கடந்து, இரண்டரை கிலோமீட்டர் அளவில் நடந்து வி.டி.க்கு வந்தேன். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்று பெயர் மாறிவிட்டாலும் எங்கள் வீட்டில் அது இன்னும் வி.டி.தான். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு வெளியூர் வண்டிகளின் கூடத்துக்குள் போனேன். சிறுவயதில் மே மாதந்தோறும் நாகர்கோவில் வண்டிக்காக அம்மா விரித்த போர்வையில் நான் படுத்திருந்த அதே கூடம், அதே போலப் போர்வைகள், அதே போலச் சாக்கு மூட்டைகளும் பிளாஸ்டிக் வாளிகளும். கேட்பாரற்ற பொருட்களைத் தொடாதீர்கள், சந்தேகத்துக்குரிய எதையும் உடனே காவலருக்குத் தெரிவியுங்கள் என்று ஒலிபெருக்கி மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பக்கத்தில் இருந்த ஒரு நடுவயதுக்காரர், தம் இரண்டு மூட்டைகளையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் என் பக்கமாக நகர்த்திவிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள் மகளே என்று இந்தியில் சொன்னார். என் பேரைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் காலிப் பாட்டிலோடு கூட்டத்துக்குள் போய் மறைந்தார். ஒலிபெருக்கி மறுபடியும் அதே அறிவிப்பைத் தொடங்கியது. டிரங்குப் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நான் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வர நெடுநேரம் ஆயிற்று.